ஊசி வேண்டாம்னு சொல்ல முடியாது... எந்தக் கைன்னு சொல்லலாம்!

பிள்ளை வளர்ப்பு

மூளைக் கட்டி சிகிச்சையில் இருக்கும் குழந்தையை வளர்ப்பது எப்படி?

காலையில் எழுந்ததுமே தலைவலி. பல் தேய்ப்பதற்குள் ஒரு வாந்தி. வாந்தி எடுத்ததும் தெளிந்துவிடுகிறது. பத்து மணிக்கெல்லாம் குழந்தை விளையாடப் போய்விடுகிறது. 'ஸ்கூலுக்கு மட்டம் போடப் பார்க்குது' என்கிறார் தாத்தா. 'பித்தம்' என்கிறார் பக்கத்து வீட்டம்மா. பூச்சி மருந்து கொடுத்தாகிவிட்டது, கண் பரிசோதனையும் ஆகிவிட்டது. சில வாரங்கள் கழித்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. கண் லேசாக ஒன்றரைக் கண் மாதிரி தெரிகிறது. அதன் பிறகுதான் ஸ்கேன். ஸ்கேனில், தலையின் பின்பக்கம் சிறுமூளையில் ஒரு கட்டி.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் ரத்தப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் மூளைக் கட்டிகளுக்குத்தான். எல்லா மூளைக் கட்டியும் புற்றுநோய் அல்ல. மெதுவாக வளரும் சாதாரணக் கட்டிகளும் நிறைய உண்டு. புற்றுநோய் வகையில் குழந்தைகளுக்கு அதிகம் வருவது சிறுமூளையில் தோன்றும் 'மெடுல்லோபிளாஸ்டோமா'. அறுவை சிகிச்சை, ரேடியேஷன், கீமோ என்று அதற்கான சிகிச்சை ஏறக்குறைய ஒரு வருடம் நீளும்.

அந்த ஒரு வருடமும் குழந்தை வளராமல் நிற்பதில்லை. நான்கு வயது ஐந்தாகும். பல் விழும், பொய் சொல்லப் பழகும், தம்பியைப் பார்த்துப் பொறாமைப்படும், 'ஏன்?' என்று கேட்கும். சிகிச்சையை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். வளர்ப்பை யார் பார்ப்பது?

'நான் என்ன தப்பு பண்ணினேன்?'

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெரும்பாலான அம்மாக்கள் தங்களைத்தான் விசாரித்துக்கொள்கிறார்கள். மாசமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனதாலா? போன வருடம் கட்டிலிலிருந்து விழுந்தானே, அதனாலா? முதல் வாந்தியன்றே ஸ்கேன் எடுத்திருக்க வேண்டுமோ?

கிரகணமும் காரணமில்லை, கீழே விழுந்ததும் காரணமில்லை. மிகச் சில குழந்தைகளுக்கு மரபணு சார்ந்த காரணம் இருக்கலாம். மற்றபடி பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏன் வந்தது என்று மருத்துவத்தால் காரணம் சொல்ல முடிவதில்லை. அப்பா அம்மா செய்த எதனாலும் வந்ததில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

தாமதத்துக்கும் பெற்றோர் மட்டுமே பொறுப்பல்ல. பிரிட்டனில் 2011-ல் 'ஹெட்ஸ்மார்ட்' என்ற விழிப்பு உணர்வு இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு அங்கேயே, முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து நோயைக் கண்டுபிடிப்பதற்குச் சராசரியாகச் சுமார் 14 வாரங்கள் ஆகிக்கொண்டிருந்தன. அறிகுறிகளை அட்டையில் அச்சடித்துப் பெற்றோருக்கும் டாக்டர்களுக்கும் கொடுத்த பிறகு அது ஏழு வாரங்களுக்குள் இறங்கியது. தலைவலியும் வாந்தியும் நூறு நோய்களுக்கு வரும் என்பதால் டாக்டர்களுக்கே நாளாகிற விஷயம் இது.

இந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கிவைப்பது ஏன் முக்கியம்? அதோடு வார்டுக்குள் போகிற அம்மாவால் குழந்தைக்கு 'இல்லை' என்று சொல்லவே முடியாமல் போய்விடும்.

சொல்வதா, மறைப்பதா?

'குழந்தைக்கு என்ன தெரியும்? எதுக்குச் சொல்லி பயமுறுத்தணும்?' - வீட்டுப் பெரியவர்கள் பலரும் சொல்வது இது. 'சும்மா டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்' என்று கூட்டிக்கொண்டு போய் அட்மிட் செய்வதும் சாதாரணமாக நடக்கிறது.

மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர், ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருந்த மூன்று முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளோடு வார்டில் நெடுநாள் பழகி, 1978-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இருந்தும் எந்த மருந்துக்கு என்ன ஆகும், தன் நிலைமை என்ன என்பதெல்லாம் அந்தக் குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது. பெரியவர்களின் முகத்தைப் பார்த்தும், அரைகுறைப் பேச்சைக் கேட்டும், பக்கத்துக் கட்டில் குழந்தைகளிடம் விசாரித்தும் தெரிந்துகொண்டிருந்தார்கள். இன்னொன்றையும் அவர் கவனித்தார். தங்களுக்குத் தெரியும் என்பதைக் குழந்தைகள் பெற்றோரிடம் காட்டிக்கொள்ளவில்லை. அம்மா அழுவாள், அப்பா வருத்தப்படுவார் என்று மறைத்தார்கள். பெரியவர்கள் குழந்தையைக் காப்பாற்ற நடிக்க, குழந்தை பெரியவர்களைக் காப்பாற்ற நடித்தது.

மறைத்தால் பயம் போவதில்லை. அதைக் குழந்தை தனியாகச் சுமக்கிறது. ஆக, கேள்வி 'சொல்வதா வேண்டாமா' என்பதல்ல. எப்படிச் சொல்வது என்பதுதான்.

மூன்று, நான்கு வயதுக்கு இவ்வளவு போதும்: 'உன் தலைக்குள்ள ஒரு கட்டி இருக்கு கண்ணு. அதனாலதான் தலை வலிக்குது, வாந்தி வருது. டாக்டர் உனக்கு தூக்க மருந்து குடுத்துட்டு அதை எடுப்பாங்க. முழிக்கும்போது அம்மா இருப்பேன்.'

ஆறு, ஏழு வயதுக்கு மேல் நோயின் பெயரையே சொல்லலாம். எப்படியும் கேஸ் ஷீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார்கள்.

எந்த வயதானாலும் மூன்று விஷயங்களைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். ஒன்று, 'நீ எந்தத் தப்பும் பண்ணலை.' இரண்டு, 'இது யாருக்கும் ஒட்டிக்காது. தம்பி உன்னைக் கட்டிப் பிடிச்சுக்கலாம்.' மூன்று, 'யாராவது ஒருத்தர் உன்கூடவே இருப்போம்.'

முதலாவதுக்கு நம் ஊரில் கூடுதல் அவசியம் உண்டு. 'சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்' என்று மிரட்டி வளர்த்த பிள்ளைக்கு, ஊசி என்பது தண்டனை. தினமும் ஊசி போட்டால், அது தான் செய்த ஏதோ குற்றத்துக்கு என்றுதான் நினைக்கும். 'இனிமே ஒழுங்கா சாப்பிடறேம்மா, வீட்டுக்குப் போலாம்' என்று வார்டில் கெஞ்சும் குழந்தையின் மனதில் ஓடுவது இந்தக் கணக்குதான். அந்த மிரட்டல் வசனத்தை முதல் நாளே வீட்டில் எல்லோரும் விட்டுவிட வேண்டும்.

'வலிக்காது' என்று சொல்லாதீர்கள்

'எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், வலிக்கவே வலிக்காது' என்ற பொய் ஒரே ஒரு முறைதான் செல்லும். அடுத்த முறை நீங்கள் 'இன்னிக்கு ஊசி இல்லை, ஸ்கேன் மட்டும்தான்' என்று உண்மையைச் சொன்னாலும் குழந்தை நம்பாது.

'சுருக்குன்னு வலிக்கும். பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும். அழணும்னா அழு, கையை மட்டும் ஆட்டாதே' என்பதுதான் சரியான பேச்சு. ஊசி போடும் இடத்தில் முன்கூட்டியே தடவினால் மரத்துப்போகச் செய்யும் க்ரீம் இருக்கிறது. தடவி ஒரு மணி நேரமாவது ஆக வேண்டும் என்பதால், சிஸ்டரிடம் முன்னதாகவே கேட்டு வையுங்கள்.

கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். 'ஊசி போட்டுக்கலாமா செல்லம்?' என்று கேட்டால் குழந்தை 'வேண்டாம்' என்றுதான் சொல்லும். அதற்குப் பிறகும் நான்கு பேர் பிடித்துக்கொண்டு போட்டால், கேட்டதற்கு என்ன அர்த்தம்? முடிவு குழந்தையின் கையில் இல்லாத இடத்தில் கேள்வி கேட்கக் கூடாது. ஊசி உண்டா இல்லையா என்பது டாக்டர் முடிவு. எந்தக் கை, அம்மா மடியிலா கட்டிலிலா, கண்ணை மூடிக்கொள்வதா பார்ப்பதா, முதலில் கசப்பு மருந்தா இனிப்பு மருந்தா... இவையெல்லாம் குழந்தையின் முடிவாக இருக்கட்டும். எப்போது சாப்பிடுவது, எப்போது தூங்குவது என எதுவுமே தன் கையில் இல்லாத இடத்தில், இந்தச் சின்ன அதிகாரங்கள் பெரிய ஆறுதல்.

பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடினால் தடுக்காதீர்கள். மருந்தில்லாத சிரிஞ்சை ஊசியைக் கழற்றிவிட்டு சிஸ்டரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். தனக்கு நடந்ததைப் பொம்மைக்குச் செய்துபார்த்துத்தான் குழந்தைகள் அதைச் செரித்துக்கொள்கிறார்கள்.

அம்மா பக்கத்தில் இருப்பதும் சிகிச்சைதான்

ஒரு காலத்தில் மேலைநாட்டு மருத்துவமனைகளில் பெற்றோரை வாரத்துக்கு ஓரிரு முறை மட்டுமே உள்ளே விட்டார்கள். அம்மா வந்து போனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் சமத்தாக இருக்கிறது என்பது காரணம். லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-ல், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படமெடுத்துக் காட்டினார். அந்தச் 'சமத்து' நிம்மதி அல்ல, நம்பிக்கை இழந்து ஒடுங்கிப்போன அமைதி என்பது அதைப் பார்த்தவர்களுக்குப் புரிந்தது. 1959-ல் பிரிட்டன் அரசின் பிளாட் குழு, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், தாய் உடன் தங்கலாம் என்று பரிந்துரைத்தது.

நம் ஊரில் அம்மாவைப் பிரிப்பதில்லை. அதற்கு நேர்மாறான சிக்கல்தான் இங்கே. வருடம் முழுக்க ஒரே ஆள், பெரும்பாலும் அம்மா, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடக்கிறார். தூக்கமும் சரியான சாப்பாடும் இல்லாமல் மூன்றாவது மாதத்தில் அவரே தளர்ந்துபோகிறார். குழந்தைக்குத் தேவை, நன்கு பழகிய ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பது. அது அப்பாவாக, சித்தியாக, பாட்டியாகவும் இருக்கலாம். இரவில் ஆண்களை அனுமதிக்காத வார்டு என்றால் பகல் நேரத்தை அப்பா எடுத்துக்கொள்ளலாம். முக்கியமானது ஒன்றுதான். போகும்போது குழந்தை தூங்கட்டும் என்று காத்திருந்து நழுவக் கூடாது. 'அம்மா குளிச்சுட்டு, சாயங்காலம் பால் வர்றப்ப வந்துடுவேன்' என்று சொல்லிவிட்டுப் போய், அதே நேரத்துக்கு வந்துவிட வேண்டும்.

பேச்சு நின்றுபோனால்...

சிறுமூளைக் கட்டியை அகற்றியபின் சில குழந்தைகளுக்கு நேரும் ஒன்றை முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்து, 'அம்மா தண்ணி' என்று கேட்ட பிள்ளை, ஓரிரு நாளில் பேச்சை அடியோடு நிறுத்திவிடலாம். அழுகை நிற்காது, கண்ணைப் பார்க்காது, கையில் கொடுத்ததைப் பிடிக்காது. மெடுல்லோபிளாஸ்டோமா அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இப்படி ஆகிறது.

'ஆபரேஷனுக்கு விட்டதுக்குக் கோபமா இருக்கான்' என்று அம்மாக்கள் நினைக்கிறார்கள். 'பேசுடா, ஒரு வார்த்தை அம்மான்னு சொல்லுடா' என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். இது கோபமும் இல்லை, பிடிவாதமும் இல்லை. சிறுமூளையிலிருந்து போகும் நரம்புப் பாதைகள் அதிர்ந்துபோனதன் விளைவு. வாரங்களிலோ மாதங்களிலோ பேச்சு பெரும்பாலும் திரும்பி வரும். முதலில் இழுத்து இழுத்து, ஒற்றை வார்த்தையாக வரும். சிலருக்குப் பேச்சில் மந்தமும் நடையில் தள்ளாட்டமும் தங்கிவிடலாம். அதற்குத்தான் பேச்சுப் பயிற்சியும் பிசியோதெரபியும்.

அதுவரை நீங்கள் பேசுங்கள். பதில் வராவிட்டாலும் கதை சொல்லுங்கள். 'ஆமாம்னா கண்ணைச் சிமிட்டு' என்று ஒரு வழி ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பதில் சொல்லாத குழந்தைக்கும் காது கேட்கிறது என்பதை, கட்டிலுக்கு மேலே நின்று 'இனி எப்படியோ...' என்று பெருமூச்சு விடும் உறவினர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அடமும் அடியும்

மூளை வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு கொடுப்பார்கள். ஒரு வாரத்தில் குழந்தை ஆளே மாறிவிடும். முகம் உப்பும். நள்ளிரவு இரண்டு மணிக்கு 'தோசை வேணும்' என்று கத்தும். கிடைத்ததைத் தூக்கி எறியும், அம்மாவை அடிக்கும். இது மருந்தின் வேலை. அளவு குறையக் குறைய அடங்கும். இந்த மருந்தை டாக்டர் சொல்லாமல் சட்டென்று நிறுத்தக் கூடாது.

மருந்துதான் காரணம் என்று தெரிந்ததும் 'பாவம், விட்டுடுங்க' என்பதே குடும்பத்தின் சட்டமாகிவிடுகிறது. கேட்ட பொம்மை வருகிறது. போன் கையைவிட்டு இறங்குவதில்லை. அக்காவைக் கடித்தாலும் அக்காதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தை இதை எப்படிப் புரிந்துகொள்ளும் தெரியுமா? 'நேத்து வரைக்கும் திட்டின அம்மா இன்னிக்கு எதுக்கும் திட்டலை. அப்போ எனக்கு என்னமோ ரொம்ப மோசமா ஆகப்போகுது' என்று. பழைய விதிகள் இருக்கும்வரைதான் பழைய உலகம் இருப்பதாகக் குழந்தை நம்பும்.

எல்லா விதியும் வேண்டாம், நான்கு போதும். யாரையும் அடிக்கக் கூடாது. டிரிப்ஸ் குழாயை இழுக்கக் கூடாது. மருந்து குடித்தே ஆக வேண்டும். தூங்கும் நேரத்தில் போன் கிடையாது. 'உனக்குக் கோபம் வருதுன்னு தெரியும். தலையணையைக் குத்து. அம்மாவை அடிக்கக் கூடாது' என்று, கையை மென்மையாகப் பிடித்துச் சொன்னால் போதும். அடிக்கக் கூடாது என்ற விதி பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். மற்றவற்றில் விட்டுக்கொடுக்கலாம். ஸ்டீராய்டு பசிக்கு நடு இரவில் தோசைதான் கிடைக்காது. டப்பாவில் ஒரு பிடி பொரி வைத்திருக்கலாமே!

'கரண்ட்' வைக்கும் நாட்கள்

ரேடியேஷனைத்தான் நம் மக்கள் 'கரண்ட் வைப்பது' என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டு ஷாக் அடிக்கும் என்று பயப்படும் குழந்தைகள் உண்டு. ஷாக்கும் இல்லை, வலியும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரங்கள், சுமார் 30 முறை என்பது மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு வழக்கமான அளவு. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வளரும் மூளையைக் கருதி, இயன்றவரை ரேடியேஷனைத் தவிர்ப்பார்கள் அல்லது தள்ளிப்போடுவார்கள். தலை அசையாமலிருக்க, முகத்தின் அளவுக்கே செய்த வலை போன்ற மாஸ்க்கை மாட்டி மேஜையோடு பொருத்துவார்கள். அறையில் குழந்தை மட்டும்தான் இருக்கும். வெளியிலிருந்து கேமராவில் பார்ப்பார்கள், மைக்கில் பேசலாம்.

சின்னக் குழந்தைகளுக்குத் தினமும் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அப்படியென்றால் ஆறு வாரமும் காலைப் பட்டினி. நான்கைந்து வயதுக் குழந்தைகளில் சிலரைப் பழக்கினால் மயக்க மருந்தே இல்லாமல் படுக்க வைத்துவிடலாம். வீட்டில் 'சிலை விளையாட்டு' விளையாடுங்கள். நூறு எண்ணும்வரை அசையாமல் படுத்தால் ஒரு ஸ்டிக்கர். மாஸ்க்கை முன்கூட்டியே தொட்டுப் பார்க்கக் கேளுங்கள். சிகிச்சையின்போது மைக்கில் ஒரு கதையைத் தொடங்கி, மீதியை மறுநாளைக்கு வையுங்கள். பழக்கியும் முடியவில்லை என்றால் அது குழந்தையின் தோல்வி இல்லை. மயக்க மருந்து இருக்கவே இருக்கிறது.

புரோட்டான் சிகிச்சை பற்றியும் பெற்றோர் கேள்விப்பட்டிருப்பார்கள். சென்னையில் 2019 முதல் அது கிடைக்கிறது. கட்டியைத் தாண்டியுள்ள நல்ல திசுக்களில் கதிர் படுவது இதில் குறையும். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் இது தேவைப்படாது. செலவும் அதிகம். நிலத்தை விற்பதற்கு முன் 'என் பிள்ளைக்கு இதனால் எவ்வளவு வித்தியாசம் வரும்?' என்று உங்கள் டாக்டரிடமே நேராகக் கேளுங்கள்.

முடி கொட்டும். 'சாமிக்கு மொட்டை போட்ட மாதிரிதான்' என்று சொன்னால் சின்னவர்களுக்குப் புரியும். பெண் குழந்தைகளுக்கு, சடை பின்னிக்கொண்டிருந்த கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, இது நிஜமான இழப்பு. 'முடிதானே, போனா போகுது' என்று தட்டிவிடாமல் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்து அழலாம்.

காய்ச்சல் என்றால் காத்திருக்கக் கூடாது

கீமோ கொடுத்து ஏழு முதல் பதினான்கு நாட்களில் ரத்த வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே அவசரம்தான். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது; மருத்துவமனைக்கு போன் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தொலைவிலுள்ள ஊர் என்றால், பக்கத்தில் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு, கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைப்பது, மலச்சிக்கலுக்கு அங்கே மருந்து வைப்பது எதையும் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

வின்கிரிஸ்டின் என்ற மருந்தால் மலச்சிக்கல் வரும், பாதம் தொங்கும். செருப்பு காலில் நிற்காமல் கழன்று விழுந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சிஸ்பிளாட்டின் காது கேட்கும் திறனைப் பாதிக்கக்கூடும். 'டி.வி சத்தத்தைக் கூட்டு' என்று அடிக்கடி கேட்பதும், கூப்பிட்டால் திரும்பாததும் அலட்சியம் அல்ல. வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அன்றே தெரிவியுங்கள். திருநீறு பூசலாம், மந்திரித்த கயிறு கட்டலாம், மனதுக்குத் தெம்பு. ஆனால் கீமோவோடு சேர்த்துச் சூரணமும் கஷாயமும் கொடுப்பது ஆபத்தாகலாம். யார் என்ன கொடுத்தாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான்.

பாட்டி வீட்டில் விடப்பட்ட பிள்ளை

ஒரு குழந்தை வார்டில் இருந்தால், இன்னொன்று பாட்டி வீட்டில் இருக்கும். அதற்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. அம்மா திடீரென்று போய்விட்டாள். போனில் பேசினால் தம்பி சாப்பிட்டானா, தம்பி வாந்தி எடுத்தானா என்றே பேச்சு. இந்த நிலையில் ஏழு வயது அக்கா 'எனக்கும் தலை வலிக்குது' என்று சொன்னால் அது பொய் இல்லை. அம்மா தன்னைப் பார்க்க வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

'நான் அவனைத் தள்ளிவிட்டேனே, அதனாலயா வந்துச்சு?' என்ற பயமும் உள்ளே இருக்கும். நோயாளிப் பிள்ளைக்குச் சொன்ன அந்த மூன்று விஷயங்களையும் இந்தப் பிள்ளைக்கும் சொல்ல வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் போன் செய்து, அதில் நோயைப் பற்றிப் பேசாமல், அவள் பள்ளிக்கூடக் கதையை மட்டும் கேளுங்கள். வகுப்பு டீச்சருக்கு விஷயத்தைத் தெரிவியுங்கள். அப்பா வாரம் ஒருநாள் ஊருக்கு வந்தால் துணிமணி எடுக்க மட்டும் வராமல், அவளோடு கடைக்கு ஒரு நடை போய்வரட்டும்.

கை கொடுக்கும் உதவிகள்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. சிகிச்சைக்காகப் பயணிக்கும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை இருக்கிறது. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். வெளியூர்க் குடும்பங்கள் இலவசமாகத் தங்க, செயின்ட் ஜூட் இந்தியா சைல்டுகேர் மையங்கள் 2006 முதல் இயங்குகின்றன, சென்னையிலும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் வழிகாட்டுபவர் மருத்துவமனையின் சமூகப் பணியாளர். அட்மிஷன் போட்ட வாரத்திலேயே அவரைத் தேடிப் பாருங்கள்.

மணி அடித்த பிறகு

கடைசி கீமோ முடிந்ததும் ஸ்வீட் கொடுத்து வீட்டுக்கு வந்தாயிற்று. எல்லோரும் 'சரியாகிடுச்சுல்ல' என்கிறார்கள். அம்மாவுக்கு மட்டும், குழந்தை தலையில் கை வைத்தாலே நெஞ்சு அடைக்கிறது. அடுத்த எம்.ஆர்.ஐ-க்கு முந்தைய வாரம் தூக்கம் போய்விடும். இது எல்லாப் பெற்றோருக்கும் வருவதுதான், நம்பிக்கையின்மை இல்லை.

மூளையில் ரேடியேஷன் பெற்ற குழந்தைகள் உயரத்தில் பின்தங்கலாம், தைராய்டு குறையலாம். வருடக்கணக்கில் பரிசோதனை தொடரும். பள்ளியில் புரிந்துகொள்ளும் வேகம் குறையலாம். போர்டில் எழுதிப்போட்டதை மற்றவர்கள் முடிக்கும்போது இந்தப் பிள்ளை பாதியில் நிற்கும். 'முன்னாடி நல்லா படிச்சானே' என்று ஒப்பிடாமல், முன் பெஞ்சில் இடம், எழுதக் கூடுதல் நேரம், குறைந்த வீட்டுப்பாடம் என்று டீச்சரிடம் கேளுங்கள். பள்ளிக்கு அனுப்ப டாக்டர் அனுமதித்த பிறகும் 'பாவம், வீட்டிலேயே இருக்கட்டும்' என்று வைத்துக்கொள்வது குழந்தைக்கு நல்லதில்லை.

கைகூடாதபோது

முழு சிகிச்சையும் பெறும் மெடுல்லோபிளாஸ்டோமா குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். ஆனால் எல்லாக் கட்டிகளும் அப்படியல்ல. மூளைத்தண்டில் பரவி வளரும் ஒரு வகைக் கட்டிக்கு ரேடியேஷன் சில மாத நிம்மதி தரும். குணப்படுத்தும் சிகிச்சை இன்றும் இல்லை.

அந்த இடத்தில் குழந்தை கேட்கலாம், 'நான் செத்துடுவேனாம்மா?' என்று. 'சீ, அப்படியெல்லாம் பேசாதே' என்று வாயை மூடத்தான் கை போகும். மூடாமல், 'ஏன் கண்ணு அப்படிக் கேக்கற?' என்று கேளுங்கள். அது பயப்படுவது சாவைப் பற்றி இல்லாமல், தனியாக விட்டுவிடுவார்களோ என்பதாக இருக்கலாம். 'என்ன ஆனாலும் அம்மாவும் அப்பாவும் உன் பக்கத்துலதான் இருப்போம். வலிக்காம பாத்துக்குவோம்' என்பதில் பொய் ஒன்றும் இல்லை.

புற்றுநோயில் பிள்ளையை இழந்த ஸ்வீடன் நாட்டுப் பெற்றோரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2004-ல் வெளியானது. குழந்தையோடு மரணத்தைப் பற்றிப் பேசியிருந்த 147 பெற்றோரில் ஒருவர்கூடப் பேசியதற்காக வருந்தவில்லை. பேசாமல் இருந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல், பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள்.

அந்த நாட்களிலும் குழந்தைக்கு ஐஸ்கிரீம் பிடிக்கும், கதை பிடிக்கும், தங்கையோடு சண்டை பிடிக்கும். வலி நிவாரண சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். வலி இல்லாத குழந்தையால்தான் விளையாட முடியும்.

டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதிவையுங்கள்

* கட்டியின் பெயர் என்ன? முழுவதும் எடுத்தாயிற்றா?

* அடுத்தடுத்து என்னென்ன சிகிச்சை, மொத்தம் எத்தனை மாதம்?

* எந்தெந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்? இரவில் யாருக்கு போன் செய்வது?

* காது, கண், ஹார்மோன் பரிசோதனைகள் எப்போதெல்லாம்?

* எந்தத் தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டும்? வீட்டிலுள்ள மற்றவர்கள் என்ன போட்டுக்கொள்ள வேண்டும்?

* பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்?

டாக்டர் பேசும்போது அப்பா, அம்மா இருவருமே இருங்கள். ஒருவர் கேட்கட்டும், ஒருவர் எழுதட்டும். வெளியே வந்ததும், குழந்தைக்கு இதில் எதை, எப்படிச் சொல்வது என்று இருவரும் பேசி முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகு வார்டுக்குள் போங்கள்.